கலங்கலும் மஞ்சள் கோடும்

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. வேளச்சேரியில், தரமணி இணைப்புச் சாலைக்கு உட்புறத் தெரு ஒன்றில், வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். கணக்கு எழுதும் வேலை, பன்னிரண்டு பேர். மதியம் மூன்று மணிக்கே தெருவில் கணுக்கால் தண்ணீர். “இன்னும் ஒரு மணி நேரம் பாத்துட்டுக் கிளம்பலாம்” என்றார் மேலாளர். நான்கு மணிக்கும் அதையே சொன்னார். ஆறு மணிக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. தெரு இருந்த இடத்தில் பழுப்பு நிற ஓடை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது. பன்னிரண்டு பேரும் அன்றிரவு அங்கேயே தங்குவது என்று ஆனது.

கீழே கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் இருந்தார். அறுபதை நெருங்கிய வயது. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டோம்.

“அண்ணே, மேல வந்துருங்க.”

“கேட்ட வுட்டுட்டு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்.”

முழங்காலுக்குத் தண்ணீர் ஏறியபோதும் அதே பதில். நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்து அதில் உட்கார்ந்துகொண்டார். பத்து மணி இருக்கும். எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண், “நீங்க வரலன்னா நாங்க எறங்கி வருவோம்ணே” என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் எழுந்தார். தொடையளவு தண்ணீரில், வருகைப் பதிவு நோட்டைத் தலையில் வைத்துப் பிடித்தபடி படியேறி வந்தார். உடுப்பு மாற்றிக்கொள்ளவில்லை, கொடுத்த பிஸ்கட்டையும் தொடவில்லை. நோட்டை விரித்து எங்களிடம் நீட்டினார். “நீங்க கூப்பிட்டுத்தான் வந்தேன்னு எழுதிக் குடுத்துருங்க சார்.” செல்போன் வெளிச்சத்தில் எழுதிக் கொடுத்தோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகுதான் பிஸ்கட்டை எடுத்தார்.

உயிருக்கு ஆபத்து வரும்போது வேலையை விட்டு எழுந்து போக, ஒரு மனிதருக்குப் பன்னிரண்டு கையெழுத்து வேண்டியிருந்தது. பணியிடப் பாதுகாப்பு என்று யார் பேசினாலும் எனக்கு அந்த நோட்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

வேளச்சேரி ஏரியைப் பார்த்து எழுந்த ஊர். தண்டீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் வெளிச்சேரி என்று வரும் பழைய ஊர். பறங்கிமலை, ஆதம்பாக்கம் பக்கத்து மேட்டில் பெய்கிற மழை கீழே இறங்கி, ஏரிகளில் தங்கி, மிச்சம் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல். ஒருகாலத்தில் 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர் அளவில் நிற்கிறது. மீதி நிலத்தின் மேல் குடியிருப்புகளும் சாலைகளும் வந்துவிட்டன. சதுப்பு நிலத்துக்கு 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி மண்ணடித்து மேடாக்கப்பட்டிருந்தது.

ஏரி ஊருக்குத் தண்ணீர் மட்டும் தரவில்லை, ஓர் அளவையும் தந்தது. ஏரிக்கரையில் மதகு உண்டு, கலங்கல் உண்டு. மதகைத் திறப்பதும் அடைப்பதும் மனிதன் கையில். கலங்கல் அப்படியில்லை. கரையைவிடத் தாழ்வாக, கல்லில் கட்டிய ஒரு மட்டம் அது. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்தால் யாரையும் கேட்காமல் வழிந்து வெளியேறும். நள்ளிரவில் ஊரே தூங்கினாலும், பெரியதனக்காரர் வெளியூர் போயிருந்தாலும் வழியும். எவ்வளவு தண்ணீர் ஆபத்து என்ற முடிவை, மழை வருவதற்கு முன்பே, வெயில் காலத்தில், நிதானமாக உட்கார்ந்து யாரோ எடுத்துக் கல்லில் வைத்துவிட்டார்கள். உத்திரமேரூரில் கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று ஒரு குழுவையே அமைக்கச் சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அவசரத்தில் யோசிக்க நேரம் இருக்காது, அதனால் முன்னாலேயே யோசித்து வைத்த ஊர்கள் இவை.

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தார். சின்ன வயதில் இங்கே வயலில் நாற்று நட்டவர். அடைமழையில் வேலை செய்யும்போது எப்போது கரையேறுவீர்கள், யார் சொல்வார்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “யாரு சொல்லணும்? கலங்கல் வழியுதுன்னு சத்தம் கேக்கும்ல. எல்லாரும் மேட்டுக்கு ஏறிட வேண்டியதுதான்.”

அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கப் பார்க்கவில்லை. கரையேறிய நாளுக்குக் கூலி கிடையாது. அதையும் அதே ஆயாதான் சொன்னார். இடி விழுந்து போனவர்கள், பாம்பு தீண்டிப் போனவர்கள், கிணறு வெட்டும்போது மண் சரிந்து உள்ளேயே போனவர்கள் என்று அவர் விரல் மடக்கி எண்ணினார். கூப்பிட்டால் வர 108 ஆம்புலன்ஸ் இல்லை. அது தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான். ஆனாலும் எழுந்து ஓட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் நாம் அவர்களைவிட எவ்வளவோ முன்னால் வந்துவிட்டோம். இந்த ஒன்றில் மட்டும் பின்னால் போயிருக்கிறோம்.

வயல்கள் நகர்களாயின. 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. 2013-ல் ஃபீனிக்ஸ் மால் திறந்தது. தரமணி, பெருங்குடி, பள்ளிக்கரணைப் பக்கம் கணினி நிறுவனங்கள் எழுந்தன. வயலில் நின்ற ஊர் இப்போது லிஃப்டில் ஏறி வேலைக்குப் போகிறது. பாதுகாப்புக்கான பொருள்களும் உடன் வந்தன. சுவரில் சிவப்பு சிலிண்டர், கூரையில் புகையைக் கண்டு அலறும் கருவி, தண்ணீர் தெளிப்பான், இருட்டில் பச்சையாக ஒளிரும் ‘வெளியே’ பலகை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மணி அடித்து எல்லோரையும் படி வழியாக இறக்கி, அசெம்பிளி பாயிண்டில் நிறுத்தி, தலை எண்ணுகிறார்கள். 2012 ஏப்ரலில் சுமத்ரா நிலநடுக்கத்தின் அதிர்வு சென்னையில் உணரப்பட்டபோது அலுவலகங்களிலிருந்து ஜனங்கள் கீழே இறங்கி நின்றார்கள். ஒத்திகை பார்த்திருந்த கட்டடங்களில் நெரிசலில்லாமல் இறங்கினார்கள். இவையெல்லாம் உயிர் காக்கும் ஏற்பாடுகள். ஒத்திகையைத் தொந்தரவாக நினைத்து இருக்கையை விட்டு எழாதவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

தி.நகரின் அனுபவம் அதற்குப் போதும். 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் பெரிய கடை ஒன்றில் பற்றிய தீயில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலை சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றியபோது, மேல்தளத்தில் சிக்கிய ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கிக் காப்பாற்றினார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை, கடைசியில் இடித்தார்கள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத அந்த நேரத்திலும் கடைக்குள் ஊழியர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் வேளச்சேரிக்கு ஆபத்து பெரும்பாலும் தீயாக வருவதில்லை, தண்ணீராக வருகிறது. இங்கேதான் ஒத்திகை நம்மைக் கைவிடுகிறது. தீ ஒத்திகை கீழே இறங்கச் சொல்லிக் கொடுக்கிறது. வெள்ளத்தில் மேலே ஏற வேண்டும். அசெம்பிளி பாயிண்ட் என்று பச்சைப் பலகை நட்ட இடம் வாகனம் நிறுத்தும் திடல். மழைநாளில் முதலில் முழுகுவதும் அதுவே. அடித்தளத்தில் வண்டியை எடுக்க, மோட்டாரை நிறுத்த என்று ஆள் இறங்குகிறார். வெளியே இரண்டடித் தண்ணீர் தேங்கிவிட்டால், மூன்றடி அகலக் கதவின் மேல் அது 170 கிலோ அளவுக்கு அழுத்தும். தனியாள் உள்ளிருந்து தள்ளி அதைத் திறப்பது கடினம். 2024 ஜூலையில் டெல்லி ராஜேந்தர் நகரில், அடித்தள நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் இப்படித்தான் தண்ணீர் புகுந்து மூழ்கிப் போனார்கள். தண்ணீர் வரும் அடித்தளத்தில் காரை எடுக்கவோ கோப்பை எடுக்கவோ இறங்கக் கூடாது. மெயின் ஸ்விட்ச்சை, தண்ணீர் பிளக் பாயிண்ட் மட்டத்துக்கு வருவதற்கு முன்பே அணைக்க வேண்டும். வந்த பிறகு அந்தத் தண்ணீரில் காலே வைக்கக் கூடாது.

2015 இதில் சிலதைக் கற்றுக்கொடுத்தது. அந்த நவம்பர் மாதம் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் முதல் வாரத்தில் மணப்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து, மின்சாரமும் ஜெனரேட்டரும் நின்று, தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் உயிரிழந்தார்கள். அதன்பிறகு பல கட்டடங்களில் ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்றினார்கள். வீட்டுக்காரர்கள் மீட்டர் பெட்டியை உயர்த்தினார்கள். மழை எச்சரிக்கை வந்தால் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தும் வழக்கம் வந்தது. இயந்திரத்தை உயர்த்தினோம், வண்டியை உயர்த்தினோம். கேட்டில் உட்காரும் ஆளின் நாற்காலி அதே இடத்தில் இருந்தது.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு வெகு அருகே நின்று பெய்தது. இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை விட்டது. தனியார் நிறுவனங்கள் முடிந்தவரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லும்படி கேட்டுக்கொண்டது. பால், குடிநீர், மருத்துவம், மின்சாரம், எரிபொருள் நிலையங்கள் போன்ற அத்தியாவசியப் பணிகள் மட்டும் வழக்கம்போல. நான் வீட்டில் இருந்தேன். மடிக்கணினி, டீ, ஜன்னலுக்கு வெளியே மழை.

அன்று காலை, ஐந்து பர்லாங் சாலைப் பக்கம், பலமாடிக் கட்டடத்துக்காகத் தோண்டிய சுமார் 50 அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. ஓரத்தில் இருந்த கன்டெய்னர் அலுவலகமும், பக்கத்து எரிபொருள் நிலையத்தின் ஒரு பகுதியும் உள்ளே போயின. வேலையில் இருந்தவர்களும் அதோடு விழுந்தார்கள். சிலரை அன்றே மீட்டார்கள். இரண்டு பேரை மீட்க முடியவில்லை. ஒருவர் எரிபொருள் நிலைய ஊழியர், இன்னொருவர் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர். இருவருமே இளைஞர்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தீயணைப்புத் துறையும் இரவு பகலாக நின்றன. பெரிய பெரிய பம்புகளை வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். சதுப்பை ஒட்டிய ஊர், மேலே வெள்ளம், அடியில் களிமண். இறைக்க இறைக்க ஊறியது. எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமைதான் உடல்கள் கிடைத்தன.

அந்த நான்கு நாளும் வேளச்சேரியில் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை, மின்சாரம் வரவில்லை. படகில் பால் வந்தது. ஆனால் தெருவில் சந்தித்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, “அந்த ரெண்டு பேரு கெடச்சாங்களா?” என்றுதான். பள்ளத்துக்கு அருகில் காத்திருந்த குடும்பங்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மண்ணைப் பற்றி எழுதலாம். நனைந்த மண் ஒரு கன மீட்டர் இரண்டு டன் அளவுக்கு எடை இருக்கும். ஒரு சின்னக் காரைவிட அதிகம். மார்பு வரை புதைந்தவர், தலை வெளியே இருந்தாலும் மூச்சை இழுத்து விட முடியாமல் போய்விடுவார். அதனால்தான் தோண்டும் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3764, ஆளுயரம்கூட இல்லாத 1.5 மீட்டர் பள்ளத்துக்கு மேல் போனாலே பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்கச் சொல்கிறது. பள்ளம் சரிவதற்கு முன் பல நேரம் சொல்லிவிட்டே சரியும். ஓரத்துக்கு இணையாகத் தரையில் விரிசல் ஓடும். சுவரின் அடியில் நீர் கசியும். மண் பொலபொலவென்று உதிரும். முட்டுக் கொடுத்த இரும்பு முனகும். கிணறு வெட்டிய கிழவர்களுக்கு இது தெரியும். கட்டட வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்யலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2014 ஜூன் 28 மாலை மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்தபோது 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1984 போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-எச் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான தொழில்களில் இருப்பவர், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடம் சொல்லலாம், நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இந்தச் சொல்லும் உரிமையை இன்னும் விரிவாக, மற்றப் பணியிடங்களுக்கும் தந்திருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அது சொல்லும் உரிமை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகியவருக்கு, அதற்காக எந்தக் கெடுதலும் வரக் கூடாது என்கிறது. சொல்வதற்கும் விலகுவதற்கும் இடையில்தான் எங்கள் செக்யூரிட்டி அண்ணன் மேசைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. எழுந்து போகும் உரிமை தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

டிசம்பர் 2023-க்குப் பிறகுதான் எங்கள் அலுவலகத்தில் இதைப் பேசினோம். எட்டு வருடம் தாமதம். அந்தத் தாமதத்தில் எனக்கும் பங்கு உண்டு, அது இப்போதும் உறுத்துகிறது. பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, வெயிலில், கேட்டுத் தூணில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டோம். காவலரை அனுப்பும் ஏஜென்சிக்கு மேலாளர் கையெழுத்துடன் ஒரு கடிதம் போனது. தண்ணீர் இந்தக் கோட்டைத் தொட்டால் காவலர் யாரையும் கேட்காமல் இரண்டாம் மாடிக்கு வருவார். துப்புரவுப் பணி செய்யும் அக்காவும் வருவார். கேட் திறந்து கிடந்து ஏதாவது காணாமல் போனால் பொறுப்பு எங்களுடையது. அன்றைய சம்பளம் குறையாது. அடித்தளத்தில் மழைநாளில் யாரும் இறங்கக் கூடாது. மேலாளரின் காரே அங்கே நின்றாலும் இறங்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை மேலாளரே சேர்த்தார்.

பழைய அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். இப்போது இருப்பவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் எழுத்தைவிடக் கோடு நல்லதாயிற்று. ஆயாவின் கலங்கலைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் ஊர்க் குளத்திலும் படிக்கட்டில் ஒரு கல் உண்டாம். அதைத் தண்ணீர் மறைத்துவிட்டால் பிள்ளைகளைக் குளிக்க விட மாட்டார்களாம்.

2024 அக்டோபர் நடுவில் மறுபடி பெருமழை எச்சரிக்கை வந்தது. மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டின. அபராதம் போடவில்லை என்று போலீஸார் சொன்னார்கள். 15 முதல் 18 வரை கணினி நிறுவன ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அரசு அறிவுறுத்தியது. எங்கள் அலுவலகமும் வீட்டுக்கு வந்தது. காவலர் மட்டும் கேட்டில். மதியம் போன் செய்தேன்.

“தண்ணி எவ்ளோ தம்பி?”

“நாலு விரல் கீழ இருக்கு சார்.”

“பை எடுத்து வெச்சுட்டீங்களா?”

“காலையிலயே மாடில வெச்சுட்டேன் சார்.”

தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை. மழை விட்டது. மறுநாள் கார்கள் மேம்பாலத்தை விட்டு இறங்கின.

அதற்குப் பிறகு வந்த கோடையில் கோடு கொஞ்சம் மங்கிவிட்டது. தூண் ஓரத்தில் நின்று பார்த்தால் தெரிகிறது, காவலர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. விஜயநகர் பக்கத்துக் கடையில் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கி அவரிடம் கொடுத்திருக்கிறேன்.